ஈரக்கை

அரைத்த காப்பித்தூள் கீழேதான் விழ வேண்டும். ஆனால் அரவை மெஷினின் வாயிலிருந்து வெளியே வரும் தூளில் ஒரு பகுதிதான் ஒழுங்காகக் கிண்ணத்துக்குள் இறங்குகிறது. மிச்சம் பக்கவாட்டில் பாய்கிறது, மேலே ஏறுகிறது, பிளாஸ்டிக் சுவரில் அப்பிக்கொள்கிறது. கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் அந்தப் படலம் அசைந்து கொடுக்காது. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் கொஞ்சம் உதிரும். உதிர்ந்ததில் பாதி மறுபடியும் போய் எதிர்ச்சுவரில் ஒட்டும். விரலைப் பக்கத்தில் கொண்டுபோனால் வேடிக்கை கூடுகிறது. காப்பிக்கொட்டையின் நடுப்பிளவுக்குள் ஒரு மெல்லிய தோல் சுருண்டு கிடக்கும். வறுக்கும்போது உதிராமல் தப்பித்து, அரைபடும்போது சருகுத் துணுக்காக வெளியே வரும். அந்தத் துணுக்கு விரலைக் கண்டதும் நிமிர்ந்து நிற்கிறது. இன்னும் நெருங்கினால் தாவி வந்து நகத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. ஊதினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. என் அனுபவத்தில் அது பெரும்பாலும் அப்போதுதான் துடைத்து வைத்த அடுப்பு மேடைக்குப் போகிறது.

எண்ணெய் வைக்காத தலையில் சீப்பை ஓட்டிவிட்டுக் காகிதத் துணுக்குகளைத் தூக்கிய பள்ளிக்கூடப் பாடம்தான் இது. நிலைமின்சாரம். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோன ஒன்று இப்படிச் சமையலறையில் வந்து நிற்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நம் ஊரில் இந்தத் தொல்லையை நெடுங்காலம் கடைக்காரர்கள் தங்கள் தலையில் சுமந்தார்கள். கடைவீதியில் கொட்டை அரைத்துத் தரும் கடை ஒன்று இருக்கும். பீபெரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு, சிக்கரி எண்பதுக்கு இருபது என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்க வேண்டியதுதான். கொட்டையை நிறுத்து மேலே கொட்டி ஸ்விட்சைப் போட்டால் பேச்சுச் சத்தம் கேட்காத அளவுக்கு இரைச்சல். தகரக் குழாய் வழியாகத் தூள் இறங்கும். கடைசியில் அவர் குழாயை உள்ளங்கையின் ஓரத்தால் பளார் பளாரென்று அறைவார். சிறு வயதில் அது ஏதோ கோபம் என்று நினைத்திருக்கிறேன். நான் வாடிக்கையாகப் போகும் கடையில் ஒருநாள் கேட்டேன்.

“ஏன் இப்படிப் போட்டு அடிக்கிறீங்க?”

“அடிக்கலன்னா வராது சார். உள்ளயே ஒட்டிக்கும்.”

“தினமுமா?”

“மழை நாள்ல இவ்ளோ அடிக்க வேணாம். வெயில் காலத்துல, அதுவும் மத்தியானத்துல அரைச்சா அடிச்சிக்கிட்டே இருக்கணும்.”

அவர் சொன்ன இந்த இரண்டு வரிக்குள் விஷயம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஈரம் இருந்தால் தூள் அடங்குகிறது. காய்ந்தால் ஆட்டம் போடுகிறது. இதை ஆய்வுக்கூடத்தில் அளந்து சொன்னவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எவ்வளவு அறைந்தாலும் குழாயில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அடுத்து வருபவரின் தூளோடு சேர்ந்து அது வெளியே வரும். அராபிகா மட்டும்தான் வேண்டும் என்று அழுத்திச் சொன்னவரின் பொட்டலத்திலும் அவருக்கு முன்னால் நின்றவரின் ரொபஸ்டா ஒரு சிட்டிகை இருந்திருக்கும். தெருவே ஒருவர் காப்பியை ஒருவர் கொஞ்சம் குடித்துக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சில வீடுகளில் ரகளை நடந்திருக்கும், அது வேறு விஷயம்.

அதற்கும் முந்தைய தலைமுறையில், வசதியுள்ள வீடுகளில், மேஜை விளிம்பில் திருகிப் பொருத்திய வார்ப்பிரும்புக் கைமெஷின் இருந்தது. இரும்புச் சட்டியில் கொட்டையைக் கருக வறுத்து, ஆறவைத்து, மேலே போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் கீழே தூள் விழும். அந்த மெஷினில் பிளாஸ்டிக் என்பதே கிடையாது. உடம்பு இரும்பு, கீழே வைக்கும் பாத்திரம் பித்தளை அல்லது எவர்சில்வர், சுற்றுகிறவரின் கை இரும்பின் மேல். பிறந்த மின்னூட்டத்தில் பெரும்பகுதி உலோகத்தின் வழியாகக் கசிந்து போய்விடும். பிறகு மிக்ஸி வந்தது. கல்யாணச் சீர்வரிசைப் பட்டியலில் அது இடம்பிடித்ததும் கைமெஷின் பரணுக்கு ஏறியது. மிக்ஸியில் அரைத்தவர்களுக்கு அதன் மூடியின் உள்பக்கம் நன்றாக நினைவிருக்கும். ஜார் எவர்சில்வர், அதில் அவ்வளவாக ஒட்டாது. ஒளி ஊடுருவும் அந்த மூடியில் மட்டும் வட்டமாக ஒரு பழுப்புப் பூச்சு படியும். பாக்கெட் தூளும் இன்ஸ்டன்ட் தூளும் வந்தபிறகு மூடியைத் துடைக்கும் வேலையும் போயிற்று.

இப்போது கொட்டை வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. சிக்மகளூரிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ, வறுத்த தேதி அச்சிட்ட பையில், தோட்டத்தின் பெயரோடு கூரியரில் வருகிறது. அரைப்பதற்கு பர் கிரைண்டர். பல் வைத்த இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே கொட்டை நொறுங்குகிறது. தூளைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கூடவே பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு. வந்தவற்றில் வில்லங்கமானது இந்தத் தராசுதான் என்பது என் அபிப்பிராயம். 18 கிராம் கொட்டை போட்டால் 18 கிராம் தூள் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அதுதான் கிளப்பிவிட்டது. 17.4 காட்டியதும் மீதி 0.6 எங்கே என்று மெஷினுக்குள் டார்ச் அடித்துத் தேடுகிறோம். கடையில் நிறுத்தது கொட்டையை. பொட்டலத்தில் வந்த தூளை வீட்டில் யார் நிறுத்துப் பார்த்தார்கள்?

தூளில் மின்சாரம் எப்படி ஏறுகிறது? கொட்டை பல்லோடும், துகள் துகளோடும் உரசுவது ஒரு வழி. கொட்டை உடைவதே இன்னொரு வழி. ஒரு திடப்பொருள் பிளக்கும்போது பிளந்த இரு முகங்களும் ஆளுக்குச் சமமான மின்னூட்டத்தோடு பிரிவதில்லை. ஒரு கைப்பிடிக் கொட்டை லட்சக்கணக்கான துகள்களாக நொறுங்கும்போது இந்த ஏற்றத்தாழ்வு அத்தனை முறை நடக்கிறது. நுண்ணிய துகள்கள் ஏன் அதிகம் அலைகின்றன என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. துகளின் விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகிவிடும். மின்னூட்டம் உட்காரும் மேற்பரப்போ நான்கில் ஒன்றாகத்தான் குறையும். சிறுக்கச் சிறுக்கப் பூமியின் பிடி தளர்ந்து மின்சாரத்தின் பிடி இறுகுகிறது. நம் ஃபில்டருக்கு நைஸாக அரைக்கிறவர்களின் மேடை, பிரெஞ்ச் பிரஸ்ஸுக்குக் கொரகொரப்பாக அரைப்பவர்களின் மேடையைவிட அதிகம் அழுக்காவது அதனால்தான்.

2023 டிசம்பரில் ‘மேட்டர்’ என்ற அறிவியல் இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஆய்வை நடத்தியவர்களில் ஜோஷுவா மெண்டெஸ் ஹார்ப்பர் எரிமலை ஆய்வாளர், கிறிஸ்டோஃபர் ஹெண்டன் ஓரிகன் பல்கலைக்கழகத்து வேதியியலாளர். எரிமலைக்காரருக்குக் காப்பியில் என்ன வேலை என்று தோன்றலாம். எரிமலை குமுறும்போது பாறை நொறுங்கிச் சாம்பலாகப் பறக்கிறது. துகள்கள் மோதி, உடைந்து, மின்னூட்டம் ஏறி, புகைத்தூணுக்குள்ளேயே மின்னல் வெட்டுகிறது. 2022 ஜனவரியில் டோங்கா தீவுகளுக்கருகே கடலடி எரிமலை வெடித்தபோது உச்சக்கட்டத்தில் நிமிடத்துக்கு 2,600 மின்னல்கள் என்று பதிவாகியிருக்கிறது. வெடிக்கும் மலையின் பக்கத்தில் போய் நின்று சாம்பலை அளப்பது நடக்கிற காரியமில்லை. காப்பிக்கொட்டையை மேஜை மேலேயே நொறுக்கலாம். எடைக்கு எடை பார்த்தால் காப்பித்தூளில் ஏறும் மின்னூட்டம் எரிமலைச் சாம்பலில் ஏறுவதோடு ஒப்பிடத்தக்கது என்று கண்டார்கள்.

அளந்த விதமும் சுவையானது. 1843-இல் மைக்கேல் ஃபாரடே, ஐஸ் வைக்கும் உலோக வாளி ஒன்றுக்குள் மின்னூட்டம் ஏற்றிய குண்டை இறக்கிப் பார்த்தார். குண்டு வாளியைத் தொடாமலே வாளியின் வெளிப்புறத்தில் அதே அளவு மின்னூட்டம் தெரிந்தது. அந்த வாளியின் வாரிசான உலோகக் கோப்பையில்தான் இவர்கள் காப்பித்தூளை அரைத்து விழவிட்டார்கள். கொட்டை எந்த நாட்டில் விளைந்தது, பழத்தை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதெல்லாம் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. வறுவலும் கொட்டைக்குள் மிஞ்சியிருக்கும் ஈரமும்தான் கணக்கில் வந்தன. இளம் வறுவலில் ஈரம் மிச்சம் இருக்கும், அதன் தூளில் நேர்மின்னூட்டம். கருக வறுத்ததில் ஈரம் செத்துப்போயிருக்கும். நொறுநொறுவென்று உடைந்து நுண்தூள் அதிகம் விழும். அதில் எதிர்மின்னூட்டம், அதுவும் பலமாக. தென்னிந்திய ஃபில்டர் காப்பிக்கு நாம் பழகியிருப்பது இந்த இரண்டாவது வகையைத்தான். நைஸான அரவை, கருத்த வறுவல் என்று தொல்லைக்குத் தோதான இரண்டையும் நாம் சேர்த்தே வைத்திருக்கிறோம்.

பரிகாரம் தண்ணீர். அரைப்பதற்குச் சற்று முன் கொட்டையின் மேல் ஓரிரு துளி. கரண்டியின் காம்பைத் தண்ணீரில் நனைத்து, உதறிவிட்டு, கொட்டையை ஒரு கிளறு கிளறினால் போதும். காப்பிப் பைத்தியங்களிடையே இது ‘ராஸ் துளி முறை’ என்று பல வருஷமாகப் புழங்குகிறது. ஆய்வாளர்கள் அதை அளந்து உறுதிசெய்தார்கள். ஈரம் கூடக்கூட மின்னூட்டம் குறைந்தது. கிராமுக்கு 20 மைக்ரோலிட்டர் வரை போய்ப் பார்த்திருக்கிறார்கள். 20 கிராம் கொட்டைக்கு அது அரை மில்லிலிட்டர்கூட இல்லை. அரைபடும் இடத்தில் அந்தக் கொஞ்ச ஈரமே மின்னூட்டத்தைத் தணித்துவிடுகிறது.

இங்கேதான் எங்கள் வீட்டில் சிக்கல் வந்தது. எங்கள் வீட்டில் என்று சொன்னாலும் தமிழ்நாட்டுச் சமையலறைகள் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும். காப்பித்தூள் டப்பாவுக்கென்று ஒரு சட்டம் உண்டு: ஈரக்கை படக்கூடாது. அதற்கென்று தனிக் கரண்டி, அது எப்போதும் டப்பாவுக்குள்ளேயே கிடக்கும், வேறு எதற்கும் எடுக்கக் கூடாது, மூடியை அழுத்தி மூட வேண்டும். பால் பொங்குகிற அவசரத்தில் ஈரக்கையோடு டப்பாவைத் திறந்த மருமகள்கள் கேட்ட பேச்சை எழுதினால் தனி நூலாகும். ஈரம் பட்ட தூள் கட்டிபடும், மணம் போகும், ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்காமல் அடம்பிடிக்கும். அம்மா இந்தச் சட்டத்தைத் தன் மாமியாரிடமிருந்து வாங்கியவள். ஒரு எழுத்தையும் மாற்றாமல் காப்பாற்றி வருகிறவள். நான் கொட்டையின் மேல் நனைந்த கரண்டிக் காம்பை ஓட்டுவதைப் பார்த்துவிட்டாள்.

“என்னடா பண்ற? கொட்டையிலயே தண்ணியா?”

“ஒரு சொட்டுதாம்மா. தூள் ஒட்டாம விழும்.”

“ஒரு சொட்டு மோர் விட்டா ஒரு சட்டிப் பாலும் உறைஞ்சிடும். ஒரு சொட்டாம்.”

கட்டுரையைப் பற்றியும் எரிமலையைப் பற்றியும் சொன்னேன். எரிமலைக்காரன் காப்பி போட்டுக் குடித்துவிட்டா எழுதினான் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், குடித்துத்தான் எழுதியிருக்கிறார்கள், எஸ்பிரஸ்ஸோ.

அம்மாவின் சட்டத்துக்கும் துளிக்கும் உண்மையில் சண்டை இல்லை. சட்டம், அரைத்து டப்பாவில் வைத்து வாரக்கணக்கில் எடுக்கப்போகும் தூளுக்கானது. அரைத்த மாத்திரத்தில் காப்பியின் மேற்பரப்பு பல மடங்கு விரிந்துவிடுகிறது. அத்தனை பரப்பிலும் ஈரம் ஏறும், மணம் வெளியேறும். துளியோ, அடுத்த ஐந்து நிமிஷத்தில் வெந்நீரில் குளிக்கப்போகும் கொட்டைக்கானது. கால் கிலோ அரைத்து வைக்கிற வீட்டில் இந்தத் துளி வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். அங்கே அம்மா சொல்வதுதான் சரி. எஃகுப் பல் துருப்பிடிக்குமே என்ற கவலைக்கும் இதே பதில். நனைந்த கொட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டுப் போனால் துருப்பிடிக்கலாம். உடனே அரைத்துவிடும் ஓரிரு துளிக்கு அந்த அச்சம் தேவையில்லை.

காற்றும் இதில் ஒரு கட்சி. சென்னையில் பெரும்பாலான மாதங்களில் காலை நேரத்து ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. அப்படிப்பட்ட காற்றில் எல்லாப் பொருள்களின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்திருக்கும். மின்னூட்டம் அதன் வழியாக நழுவிவிடும். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டும் நாளில் காப்பித்தூள் கிண்ணத்தோடு ஒட்டாது. அக்னி நட்சத்திர நாட்களில், கடற்காற்று நுழைவதற்கு முன், மேற்கிலிருந்து அனல் காற்று அடிக்கும் மத்தியானங்கள்தான் விதிவிலக்கு. கடைக்காரர் சொன்னதும் அந்த நேரத்தைத்தான். இப்போது ஏசி வந்து இந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. திறந்த சமையலறையோடு கூடிய அடுக்குமாடி வீட்டில் இரவெல்லாம் ஏசி ஓடினால் காற்றிலிருந்து நீரைப் பிழிந்து வெளியே சொட்டவிட்டுவிடும். விடிந்ததும் அரைப்பவருக்குக் கோடை மத்தியானம்தான். டொராண்டோவில் இருக்கும் உறவினர் ஒருவர் ஜனவரியில் படும் பாடு இதைவிடப் பெரிது. வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர், கதவுக் குமிழைத் தொட்டாலே சுருக்கென்று அடிக்கும் வறட்சி. அங்கே துளி இல்லாமல் அரைத்தால் தூளைப் பாதி சுவரிலிருந்துதான் வழித்தெடுக்க வேண்டும் என்கிறார். போன கோடையில் இங்கே வந்தவர் என் கரண்டிக் காம்பைப் பார்த்து, மெட்ராஸ்ல இதெல்லாம் எதுக்கு என்று சிரித்தார். ஏசி அறையைக் காட்டினேன்.

ஒட்டிக்கொள்ளும் தூளைத் திட்டித் துடைப்பதற்கு முன் அதற்குச் சேர வேண்டிய மரியாதையையும் செலுத்திவிட வேண்டும். 1777-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கெயோர்க் கிறிஸ்டோஃப் லிக்டன்பெர்க் என்ற பௌதிகப் பேராசிரியர், நிலைமின்சாரம் உண்டாக்கும் பெரிய கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். பிசினால் ஆன அதன் அடித்தட்டைச் சீவி வழவழப்பாக்கியதில் அறை முழுக்கப் பிசின்தூசி. அது கருவியின் மேல் ஓயாமல் வந்து படிந்தது. முதலில் அவருக்கும் எரிச்சல்தான். பிறகு உற்றுப் பார்த்தால், மின்சாரம் பாய்ந்த இடங்களில் தூசி சின்னச் சின்ன நட்சத்திரங்களாகவும் கிளைவிட்ட செடிகளாகவும் கூடியிருந்தது. ஒட்டும் காகிதத்தை அதன் மேல் அழுத்தி அந்த உருவங்களைப் படியெடுத்தும் வைத்தார். இலக்கிய வாசகர்களுக்கு அவரை வேறு விதத்தில் தெரிந்திருக்கலாம். சாகும்வரை குறிப்பேடுகளில் அவர் எழுதிக் குவித்த ஒற்றை வரிகளுக்காக இன்றும் வாசிக்கப்படுகிறார். வியாபாரிகள் அன்றாடக் கணக்கைக் கிறுக்கிவைக்கும் சிட்டையைப் போன்றவை என்பதால் அந்தக் குறிப்பேடுகளுக்கு அதே மாதிரியான பெயர் வைத்திருந்தார். சிதறியதையெல்லாம் சேர்த்துவைக்கும் குணம் அவருக்கு இரண்டு துறையிலும் இருந்திருக்கிறது.

அந்தத் தூசியின் வம்சத்தில் வந்தவர் செஸ்டர் கார்ல்சன். நியூயார்க்கில் காப்புரிமைப் பத்திரங்களைக் கைவலிக்கப் படியெடுத்துச் சலித்தவர். தன் வீட்டுச் சமையலறையில் கந்தகத்தை உருக்கிப் பரிசோதனை செய்ய ஆரம்பித்தார். நாற்றம் வீட்டிலிருந்தவர்களால் தாங்க முடியாமல் போகவே, மாமியாருக்குச் சொந்தமான கட்டடத்தில் ஓர் அறைக்கு ஜாகை மாற வேண்டியதாயிற்று. 1938 அக்டோபர் 22 அன்று அங்கே கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்தார். தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடியை வைத்து ஒளி பாய்ச்சினார். நுண்ணிய தாவரப்பொடியைத் தூவி ஊதினார். எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பொடி ஒட்டி நின்றது. ஜெராக்ஸ் பிறந்த கதை இது. அச்சில் கிடைக்காத பழைய நாவல்களையும் நின்றுபோன பத்திரிகைகளின் தொகுப்புகளையும் ஜெராக்ஸ் பிரதியில் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. கிண்ணச் சுவரில் காப்பித்தூளைப் பிடித்து நிறுத்தும் அதே சக்திதான் அந்தப் பக்கங்களுக்குக் கரித்தூளைக் கொண்டுவந்து சேர்த்தது. சில பிரதிகளில் வரிகள் விரலோடு வந்துவிடும். அது கடைக்காரர் டோனரில் பிடித்த கஞ்சத்தனம்.

திரும்பவும் அடுப்பு மேடைக்கு வருவோம். வீட்டில் காப்பி அரைப்பது இன்று பெரும்பாலும் ஆண்களின் பொழுதுபோக்கு. கொட்டையை முகர்ந்து பார்ப்பது, தராசில் வைப்பது, அரவையின் எண்ணை ஒரு புள்ளி இப்படி ஒரு புள்ளி அப்படி நகர்த்துவது எல்லாம் அவர்கள் செய்வார்கள். பிறகு டம்ளரோடு பால்கனிக்குப் போய்விடுவார்கள். மேடையில் படிந்த பழுப்பு நிற மாவு அடுத்து அங்கே தோசைக்கல்லை வைக்கப்போகிறவரின் பொறுப்பு. “மெஷினுக்கு அவ்ளோ காசு. கரித்துணிக்கு நானா?” என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். சிந்தாது, சிதறாது என்று விற்கிற மெஷின்களின் விளம்பரங்களை அதன்பிறகு கொஞ்சம் கவனித்துப் பார்த்தேன். சிலவற்றில் தூள் வெளிவரும் வாயிலேயே அயனிகளைத் தெளிக்கும் சிறு கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். இருவகை அயனிகளும் காற்றில் பரவித் தூளின் மின்னூட்டத்தைச் சமன்செய்துவிடும். வேலை செய்கிறது, பொய்யில்லை. ஆனால் அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலையைப் பார்த்தால் ஒரு கரண்டித் தண்ணீரின் மேல் மதிப்பு கூடுகிறது.

எங்கள் வீட்டில் பிரச்சினையைத் தீர்த்தது பரணிலிருந்து மனைவி இறக்கிக் கொடுத்த பழைய எவர்சில்வர் தாம்பாளம். மெஷின் அதன் மேல் நிற்கிறது. பறப்பதெல்லாம் அதற்குள் விழும். கழுவி வைப்பது என் வேலை என்று ஏற்பாடு. பிளாஸ்டிக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு டம்ளரில் தூளைப் பிடிக்கிறேன். எவர்சில்வர் டம்ளர் மின்னூட்டத்தைத் தன்னிடம் தேக்கிவைக்காது, தொடுகிற கை வழியாக விட்டுவிடும். வெளிநாட்டில் இதையே தூள் பிடிக்கும் விசேஷக் கோப்பை என்று தனியாக விலைக்கு விற்கிறார்கள். இங்கே அது எல்லா வீட்டிலும் பெயர் வெட்டி அலமாரியில் கிடக்கிறது. அரைத்து முடித்ததும் அவசரப்பட்டுத் திறக்காமல் அரை நிமிஷம் விட்டுவைத்தால் மீதியும் தானாக அடங்கும். பல்லிடுக்கில் தங்கியதை வாரம் ஒருமுறை பிரஷால் தட்டி எடுத்துவிட வேண்டும். கருக வறுத்த கொட்டை எண்ணெய் கக்கும். அந்தப் பழைய எண்ணெய் சிக்கெடுத்தால் புதுத் தூளின் வாசனையைக் கெடுத்துவிடும்.

ருசி கூடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆய்வில் ஈரப்படுத்திய கொட்டையிலிருந்து எடுத்த எஸ்பிரஸ்ஸோ அடர்த்தியாக வந்தது. மின்னூட்டம் இருந்தால் நுண்தூள் திரண்டு கட்டிகளாகிவிடும். ஒன்பது மடங்கு காற்றழுத்தத்தில் பாயும் வெந்நீர் கட்டிகளின் இடுக்கு வழியே ஓடிவிடும். கட்டி இல்லாவிட்டால் எல்லாத் துகளையும் நனைத்துக்கொண்டு மெதுவாக இறங்கும். நம் ஃபில்டரில் அழுத்தமே கிடையாது. தூளின் மேல் குடையை வைத்து லேசாக அமுக்கி, வெந்நீரை ஊற்றி, அது தன் பாட்டுக்குச் சொட்டுவதற்காகக் காத்திருக்கிறோம். பாலும் சர்க்கரையும் சேர்ந்தபிறகு இந்த வித்தியாசம் நாக்குக்கு எட்டும் என்று நான் நம்பவில்லை. மேடை சுத்தமாக இருப்பதற்காகத்தான் துளி, அதற்கு மேல் ஆசைப்பட வேண்டியதில்லை.

சிக்கரி சேர்ப்பவர்கள் மட்டும் வரிசையை மாற்றிவிடக் கூடாது. சிக்கரி வேர்த்தூள் ஈரத்தைக் கண்டால் விடாது, குடித்துப் பிசுபிசுத்துப் பாறையாகிவிடும். துளி விட்டு அரைத்த தூளை டம்ளரில் ஒரு நிமிஷம் ஆறவிட்டு, கடைசியில்தான் சிக்கரியைக் கலக்க வேண்டும். அதற்கு வேறு கரண்டி.